உறை போட்ட கம்ப்யூட்டர்

இந்தக் கூத்தைக் கேளுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் புராஜெக்டுக்கென்று பெரிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. துறைத்தலைவர் வைத்திலிங்கம் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, அறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாழை நோயைப் படம் பார்த்தே கண்டுபிடிக்கும் புராஜெக்டோடு பழைய கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் மாணவி இசக்கியம்மாள். சாவி கேட்டுப் போனபோதெல்லாம், "தொட்டா கெட்டுப்போகும், போ!" என்று விரட்டினார் வைத்திலிங்கம்.

மறுவருஷம், கம்ப்யூட்டர் மாணவருக்குப் பயன்படுகிறதா என்று பார்க்க ஆய்வுக் குழு வந்தது. வைத்திலிங்கம் அவளைத் தனியே கூப்பிட்டார். "தினமும் இதுலதான் வேலை பாக்கேன்னு சொல்லணும். ஆனா விரல் படக்கூடாது. மாத்திப் பேசினா மார்க் கிடையாது."

"நான் எதுக்கு சார் மாத்திப் பேசப்போறேன்?" என்றாள் அவள்.

"ராவும் பகலும் பிள்ளைங்க இதுலதான் கிடக்காங்க!" என்று அறையைத் திறந்து காட்டிக் குழுத் தலைவியிடம் அளந்தார் வைத்திலிங்கம்.

"அப்படியாம்மா?" என்று தலைவி இசக்கியைக் கேட்டார்.

"சாரே சொன்ன பிறகு நான் என்ன மேடம் சொல்ல? கம்ப்யூட்டரையே கேளுங்க. சார் கையால ஆன் பண்ணட்டும்."

வைத்திலிங்கம் உறையை உருவி, மிடுக்காகப் பொத்தானை அமுக்கினார். புதுக் கம்ப்யூட்டர் முதன்முதலாகக் கண்விழிக்கும்போது மட்டும் கேட்கிற கேள்வி திரையில் வந்து நின்றது:

"வருக! என்னைப் பயன்படுத்தப்போவது யார்?"

குழு கொல்லென்று சிரித்தது. வைத்திலிங்கம் அவசரமாக உறையை எடுத்துத் திரையை மூடப் போனார். தலைவி அவரிடமிருந்து சாவியை வாங்கி இசக்கியின் கையில் வைத்தார்.

"அது கேக்குதுல்ல, பதில் சொல்லும்மா."

இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயரை அடித்தாள்.