அக்காவுக்குத் தலையாட்டிய ஓணான்

அந்தக் காலத்தில், எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் காணாத நம் மேட்டு நிலமெல்லாம் கடலாக இருந்தது. ஊர்வதும் நீந்துவதும் வாய்விட்டுப் பேசின. அந்தக் கடலுக்கு மேலே பெருஞ்சிறகி பறந்தாள். அவள் பறவையல்ல, இறகே கிடையாது. ஓணானுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. கையில் ஒரே ஒரு விரல் மட்டும் தென்னை மட்டை நீளம் வளர்ந்து, அதிலிருந்து இடுப்புவரை தோல் விரிந்திருக்கும். அதுதான் சிறகு. அவள் கடந்து போனால், பொழுது சாய்ந்துவிட்டதென்று மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அவ்வளவு பெரியவளுக்கும் ஒரு குறை. உயரமான பாறையிலிருந்து காற்றில் பாய்ந்தால்தான் பறக்க வரும். தண்ணீரில் இறங்கிவிட்டால் எழவே முடியாது.

பாறையடி மணலில் அவள் ஒரு முட்டை இட்டாள். ஒரே முட்டை, அதுவும் தோல் போல மெல்லிய ஓடு. அதைத் தனியே விட்டுப் போக மனம் வருமா? போகாமல் இருக்க வயிறுதான் விடுமா? முள்செடியில் இருந்த ஓணானைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளேன்."

"பார்க்கிறேன் அக்கா. ஆனால் ஏதாவது ஒன்று என்றால் எப்படிச் சொல்வேன்? பக்கத்துச் செடிக்கே என் குரல் எட்டாதே."

"நான் மேலே வரும்போது, முட்டை பத்திரம் என்றால் தலையை ஆட்டு. ஆட்டாவிட்டால் அந்த நொடியே இறங்கிவிடுவேன்."

"இந்தக் கடுகுத் தலையா அங்கிருந்து தெரியப்போகிறது?"

"மேகத்திலிருந்து மீனின் கண்ணைப் பார்க்கிறவளடி நான்!"

அப்படியே நடந்தது. நிழல் வரும். ஓணான் தலையாட்டும். நிழல் போகும்.

ஒருநாள் வடக்கே பூமி வெடித்துப் புகை எழுந்தது. பகல் கறுத்தது. கடல் பின்வாங்கிப் போய், சுவராக எழுந்து வந்தது. ஓணான் பாறை உச்சிக்கு ஓடித் திரும்பிப் பார்த்தால் மணலும் இல்லை, முட்டையும் இல்லை. அது நின்ற கையகலக் கல் மட்டும்தான் மிச்சம்.

அப்போது நிழல் வந்தது.

"தங்கச்சி! முட்டை?" வானம் முழுக்க அந்தக் குரல் அதிர்ந்தது.

ஆட்டாமல் நின்றால் அக்கா இறங்குவாள். இறங்கினால் எழமாட்டாள். ஓணானுக்குக் கழுத்து கல்லாய்க் கனத்தது. ஆனாலும் தலையை ஆட்டியது.

"என் தங்கமே! பாறை இடுக்கில் ஒளித்துவைத்துவிட்டாயா? தண்ணீர் வடியட்டும், வந்துவிடுகிறேன்" என்றாள் அக்கா. அந்த மாபெரும் சிறகு ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமே இல்லாமல் புகைக்குள் நுழைந்தது. அப்படியொரு பறத்தலை அதற்குப் பிறகு இந்த வானம் பார்க்கவில்லை.

தண்ணீர் லேசில் வடியவில்லை. இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி எங்கே களைத்தாளோ, எந்த அலை எந்த எலும்பை இழுத்துப் போனதோ! பாறை வெட்டுகிறவர்கள் கையில் இங்கே ஒரு விரல் துண்டு, அங்கே ஒரு தாடைத் துண்டு என்றுதான் அகப்படுகிறாள். எலும்பெல்லாம் பப்பாளிக் காம்பு போல உள்ளே வெறும் குழல். முழுசாக அவள் கிடைப்பதே இல்லை.

ஓணானுக்கு இதெல்லாம் தெரியாது. அன்று முதல்தான் அது வேலியில் ஏறி, வானத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் அக்கா இறங்கிவிடுவாளே!