உள்ளே போன சேதி

மன்னர் மழவராயர் படுக்கையில் விழுந்து பதினெட்டு நாளாகிவிட்டது. எண்பத்திரண்டு வயது. காய்ச்சல் விட்டால் இருமல், இருமல் விட்டால் காய்ச்சல். கோட்டை வாசலில் ஊரே கூடிக் கிடந்தது.

வாசலில் சேதி சொல்வது முரசறையும் மாசாத்தனின் வேலை. காலையில், உச்சியில், பொழுது சாய என்று தினம் மூன்று தடவை உள்ளே போய் வைத்தியரைக் கேட்பார். வெளியே வந்து முரசைத் தட்டுவார்.

"மகாராசா இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க."

கூட்டம் மூச்சு விடும். கஞ்சியில் உப்புப் போட்டார்களா என்று ஒருவர் கேட்பார். போட்டது சரியா தப்பா என்று இன்னும் இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். பாசம் அப்படி. மன்னரும் அதற்குத் தகுந்தவர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஏரி உடைந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஊராரோடு மண் சுமந்தவர் அவர்.

ஆனால் நாற்றங்காலுக்குப் பாசம் தெரியுமா? அது முற்றிக்கொண்டிருந்தது. முதல் கட்டு நாற்றை மன்னர் தம் கையால் எடுத்துக் கொடுத்த பிறகுதான் நடவு என்பது அந்த நாட்டு வழக்கம். நாற்பத்தாறு வருடமாக மழவராயர் கைதான். அந்தக் கை படாமல் சேற்றில் இறங்க மாட்டோம் என்று ஊர் உட்கார்ந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் போனால் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும். அப்புறம் அந்த வருடம் சோறு கிடையாது.

இது மன்னர் காதுக்குப் போகவே கூடாது என்பது அமைச்சரின் உத்தரவு. கவலையே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவருக்குப் பயம்.

மாசாத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றங்கரை மடத்துக்குத் தம் குருவைத் தேடிப் போனார். குரு பூதங்கண்ணருக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. ஊர் இதை வைத்துக் கேலி பேசும். மாசாத்தன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"சாமி, ஊரே என் வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. என்ன சேதி சொன்னா எழுந்து வயலுக்குப் போவாங்க?"

"உண்மை என்ன?"

"வைத்தியர் உதட்டைப் பிதுக்குறார்."

"அதைச் சொல்லும்."

"சொன்னா ஒருத்தரும் நகர மாட்டாங்க. தேறிட்டார்னு பொய் சொன்னாலும், அப்ப நாத்தை அவர் கையால கொடுக்கட்டும்னு அங்கேயேதான் நிப்பாங்க."

குரு கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பதினெட்டு நாளா அந்த வாசல் வழியா போய் வர்றீர். வெளியே வரும்போது சேதியோட வர்றீர். உள்ளே போகும்போது என்ன கொண்டு போறீர்?"

மாசாத்தன் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவற்றில் ஒன்றும் இல்லை.

குரு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்து நாற்றங்காலில் இறங்கி ஒரு கட்டு நாற்றைப் பறித்து, சேற்றோடு சீடர் கையில் கொடுத்தார். "வாரும்" என்று கோட்டை வாசல் வரை கூட வந்து, அவரை உள்ளே அனுப்பினார்.

மன்னர் மேற்கு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஈரக்காற்று ஆகாது, சாத்துங்கள் என்று வைத்தியர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். மன்னர் கேட்கவில்லை. அந்தப் பக்கம்தான் வயல்கள்.

காலடி கேட்டுக் கண் திறந்தார்.

"மாசாத்தனா? ஏம்ப்பா, குலவைச் சத்தமே கேட்கலையே."

நடவின் முதல் நாள் பெண்கள் குலவை போடுவார்கள். கோட்டை வரைக்கும் கேட்கும்.

"அமைச்சர் நடவு முடிஞ்சுதுங்கிறார். குலவை இல்லாம எங்கப்பா நடவு? எனக்குத்தான் காது போச்சா, ஊருக்கு என்னமோ ஆச்சா? கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க."

மாசாத்தனுக்கு இத்தனை நாளும் இந்த அறைக்குள் வந்து கஞ்சிக் கணக்கு மட்டும் கேட்டுப் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. வாசலில் நடப்பதை ஒன்று விடாமல் சொன்னார்.

மன்னர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

"பைத்தியக்காரப் பயலுக" என்றார். கோபம் மாதிரிதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நாத்தைக் கொடு."

மன்னர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெள்ளைப் போர்வையில் சேறு சொட்டியது. வைத்தியர் துடைக்க வந்தார். "அது கிடக்கட்டும்" என்றார் மன்னர். நாற்றை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சீக்கிரம் கொண்டு போ. வாடிடும்."

மாசாத்தன் வாசலுக்கு வந்து முரசைத் தட்டவில்லை. நாற்றைத் தூக்கிக் காட்டினார். குலவையைக் காணோமே என்று மன்னர் கேட்டதை அவர் கேட்டபடியே சொன்னார். உப்புக்குச் சண்டை போட்டவர்தான் முதலில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

அன்று உச்சிப் பொழுதுக்குள் மேற்கிலிருந்து குலவை வந்தது. ஒரு வயலில் எழுந்து, அடுத்த வயலுக்குத் தாவி, ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மன்னர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் யாரையும் பேச விடவில்லை.

மறுநாள் காலையில் மாசாத்தன் வைத்தியரைக் கேட்டார். வைத்தியர் அன்றும் உதட்டைத்தான் பிதுக்கினார். கனத்த மனதோடு முரசைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார் மாசாத்தன். வாசலில் ஒருவர்கூட இல்லை. காலடித் தடங்கள் மட்டும் வயல் பக்கம் போயிருந்தன. வழியில் குரு வந்துகொண்டிருந்தார்.

"சாமி, சேதியைக் கேட்க ஒரு ஆள்கூட இல்லையே. யார்கிட்ட சொல்ல?"

குரு காலியான வாசலைப் பார்த்தார்.

"உள்ளே போய், வாசல்ல யாரும் இல்லைன்னு மன்னர்கிட்ட சொல்லும்."