தேர்வடம் பிடித்த எதிரி

முன்னொரு காலத்திலே கடம்பநாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பிடித்தவர்களிடம் அவனுக்குக் குறையே தெரியாது, பிடிக்காதவர்களிடம் நிறையே தெரியாது. அப்படியொரு கண்ணை வைத்துக்கொண்டு அவன் நாடாண்டதே பெரிய விஷயம்.

அவனுக்கு மிகவும் பிடித்தவர் கிழ மந்திரி அம்பலவாணர். வந்த படைகளைப் பேச்சாலேயே திருப்பி அனுப்பியவர். அவரைக் கண்டாலே வயிறெரிபவர் வீரபாகு என்ற பிரதானி.

ஒருநாள் பக்கத்து நாட்டுப் படை எல்லையில் வந்து நின்றது.

"அம்பலவாணரே, வழக்கம்போல நீரே தூது போம்."

"வேண்டாம் மகாராஜா. எனக்கு நினைவு தப்புகிறது. நான் போனால் எல்லை ஊர்கள் எரியும்."

சபை சிரித்தது. "விகடத்துக்கு இதுவா நேரம்?" என்று ராஜாவும் சிரித்தான். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினால் இதுதான் தொல்லை.

"என்னை நம்பமாட்டீர்கள். வீரபாகுவைக் கேளுங்கள்."

"அவன் உம்மேல் பொறாமை பிடித்தவன் ஆயிற்றே?"

"அதனால்தான் சொல்கிறேன். மாட்டின் குறையை விற்பவனிடமா கேட்போம்? என் சறுக்கலையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தவர் இவர் ஒருவர்தான்."

வீரபாகு எழுந்தார். வெகுகாலம் காத்திருந்த நாள் இது. ஆனால் கிழவரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காரப் போனார்.

"சொல்லும் ஐயா. எல்லையில் பிள்ளைகுட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்," என்றார் அம்பலவாணர்.

"மகாராஜா, நேற்று மந்திரி தம் வீட்டுக்கே வழி தெரியாமல் கோட்டை வாசலில் நின்றார். நான்தான் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டேன். உன் பெயர் என்ன தம்பி என்று என்னையே கேட்டார்." சொல்லிவிட்டு வீரபாகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சபை தலைகுனிந்தது. ராஜா இறங்கிவந்து கிழவரின் கையைப் பிடித்தான். "பக்கத்திலேயே இருந்தும் நான் பார்க்கவில்லையே. இனி யாரை அனுப்புவேன்?"

"இவரையே அனுப்புங்கள். சொல்ல வேண்டியதை நினைவு இருக்கும்போதே சொல்லித்தருகிறேன். வீரபாகு, அந்த ராஜாவுக்குச் சண்டை வேண்டாம், கௌரவமாகத் திரும்பிப்போக ஒரு சாக்கு வேண்டும். நம் கோயில் தேருக்கு முதல் வடம் பிடிக்க அழையும்."

அப்படியே நடந்தது. படையோடு வந்தவன் விருந்தாளியாகத் தேரிழுத்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு போனான். ராஜா வீரபாகுவுக்கு முத்துமாலை போட்டான். அவர் அதைக் கொண்டுபோய் அம்பலவாணர் கழுத்தில் போட்டார்.

"இது எதற்கு தம்பி?"

"எதிரியைத் தேர்வடம் பிடிக்க அழைத்த யோசனைக்கு."

கிழவரின் முகம் மலர்ந்தது. "பலே யோசனை. யாருடையது?"

அந்த வாயிலிருந்து ஒரு 'பலே' கேட்கத்தான் வீரபாகு காலமெல்லாம் ஏங்கினார்.

"உங்களுடையதுதான் ஐயா," என்றார்.

"இருக்காது. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?" என்று சிரித்தார் அம்பலவாணர். தம்மைப் பற்றி அவர் தப்பாகச் சொன்னது அது ஒன்றுதான்.