குழைக்காதர் இட்ட வெள்ளைக் கோடு

பொருநைக் கரையில் அடியளந்தநல்லூர் கல்லூரி மைதானத்தில் நாள்தோறும் விடியலில் முதலில் விழுவது குழைக்காதரின் துடைப்பம்தான். ஆற்றில் முழுகி, நெற்றியில் திருமண் இட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். ஈர்க்குமாறால் ஓடுதளத்தைப் பெருக்குவார். வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து, காலில் தட்டுப்படும் கல்லையும் நெருஞ்சி முள்ளையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வார். பிறகு, அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, குனிந்தபடியே இருநூறு மீட்டர் வட்டத்துக்கும் வெள்ளைக் கோடு இழுப்பார். அந்தக் கல்லூரியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். கூட்டுகிற வேலைக்கு வேறு ஆள் உண்டு. ஆனாலும் இருபத்தேழு வருஷமாக இந்த வேலையை அவர் பிறருக்கு விட்டதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பார். மைதானத்துக்குக் கிழக்கே இரண்டு தெரு தள்ளி உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். மூன்றடியில் மூவுலகையும் அளந்த அந்தப் பெருமாள்தான் குழைக்காதருக்குக் குலதெய்வம், வழித்துணை, மேலதிகாரி எல்லாம். கோடு போடத் தொடங்குமுன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு அவர் சொல்வது ஒன்றே: "அளந்தவனே, அளக்கிறது உன் வேலை. உன் வேலையில ஒரு சின்னப் பங்கு எனக்குக் குடுத்திருக்க. ஒருநாள் வந்து இந்த இருநூறையும் நீயே அளந்து பாத்துக்கிடு."

சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாளாகையால், அன்று மட்டும் ஒரு மண்பானை நிறையப் பானகம் கொண்டுவருவார். வெல்லமும் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு அவர் மனைவி கோதையம்மாள் கரைத்துக் கொடுப்பது. ஓடிக் களைத்த பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகளானாலும் ஒரே பானையில் ஒரே குவளையால் மொண்டு குடிப்பார்கள். கோடு போடுவதும் பானகம் வார்ப்பதும் அவருடைய நியமங்கள். கோப்பைகளும் கேடயங்களும் அந்தக் கல்லூரிக்கு அதிகம் வந்ததில்லை. அதற்காக அவர் வருந்தியதும் இல்லை.

அப்படியிருக்கையில் செண்பகவடிவு வந்து சேர்ந்தாள். பீடி சுற்றுகிறவர் மகள். ஒல்லியான உடம்பு, அலுக்காத கால். குழைக்காதர் அவளை இரண்டு வருஷம் பக்குவமாக ஓடவைத்தார். மண்டலக் கல்லூரிகளுக்கான போட்டி அந்த வருஷம் அடியளந்தநல்லூரிலேயே நடந்தது. ஐயாயிரம் மீட்டரில், பதினோரு வருஷமாக அசையாதிருந்த மண்டலச் சாதனையை அவள் ஒன்பது விநாடி வித்தியாசத்தில் முறியடித்தாள். ஊர் கொண்டாடியது. மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவள் பெயர் போயிற்று. கல்லூரிச் செயலர் சங்கரநயினார் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை குழைக்காதர் விளையாட்டு அறையைத் திறந்தார். அவரிடம் பத்து மீட்டர் நூல்கயிறு ஒன்று இருந்தது. இரும்பு நாடா துருப்பிடித்து ஒடிந்துபோனபின், அந்தக் கயிற்றால்தான் மைதானத்தை அளப்பார். வேலை முடிந்ததும் தாழ்வாரத்தில் சரியாகப் பத்து மீட்டர் இடைவெளியில் அடித்த இரண்டு ஆணிகளில் அதன் இரு நுனி வளையங்களையும் மாட்டுவது வழக்கம். போட்டியன்று விடியலில் தூறல் விழுந்தது. அந்தத் தூறலிலேதான் தளத்தைப் புதிதாக அளந்து கோடு போட்டார். அளந்துவிட்டு மாட்டப் போனபோது, கயிறு இரண்டாவது ஆணிக்கு எட்டவில்லை. அவசரத்தில் ஒரு முனையை மட்டும் மாட்டிவிட்டு ஓடிவிட்டார்.

இப்போது கயிறு காய்ந்து தொங்கியது. தற்செயலாக அதை எடுத்து இழுத்தார். நேற்று எட்டாத ஆணியை இன்று லேசாக எட்டிற்று.

குழைக்காதர் அப்படியே தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கயிற்றைத் தண்ணீரில் நனைத்து மறுபடி பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் குறைந்தது. பத்து மீட்டருக்கு ஒரு சாண் என்றால், ஐயாயிரத்துக்கு ஏறக்குறைய நூற்றுப் பத்து மீட்டர். ஒன்பது விநாடியில் ஓடக்கூடிய தூரமா அது? பிள்ளை சாதனையை முறியடிக்கவில்லை. ஈரக் கயிறுதான் தூரத்தைத் தின்றிருக்கிறது.

இது வேறொருவருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை. கோடுகள் பாதி அழிந்துபோயிருந்தன. நேரே கோயிலுக்குப் போனார். பெருமாள் முன் நின்றபோது வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஒன்றும் கேளாமல் தீர்த்தம் மட்டும் வாங்கிக்கொண்டு, செண்பகவடிவின் வீட்டுக்கு நடந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

"யாருக்குத் தெரியும் சார்? நீங்க சொன்னாத்தான தெரியும்?"

"கோடு போட்ட எனக்குத் தெரியுதே, வடிவு."

"அப்போ நான் ஓடினது பொய்யா?"

"நீ ஓடினது மெய்தாம்மா. நான் அளந்ததுதான் பொய்."

"முகாமுக்குப் பேரு போயிருக்கு சார். எங்க அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. இனிமே நான் எப்படி வெளிய நடப்பேன்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று பகலிலேயே குழைக்காதர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். 'போட்டித் தளத்தை நான் ஈரக் கயிற்றால் அளந்தேன். ஈரத்தில் நூல்கயிறு சுருங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டியவன், கவனியாமல் விட்டேன். கயிற்றை நனைத்து அளந்த கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓடிய பிள்ளைகள் யார்மீதும் குற்றமில்லை. பிழை முழுவதும் என்னுடையது' என்று வரிசையாக எழுதி, கையெழுத்திட்டு, தாமே போய்த் தபால் பெட்டியில் போட்டார்.

சாதனை ரத்தாயிற்று. முகாமுக்குப் போன பெயர் திரும்பிவிட்டது. சங்கரநயினார் அவரை அறைக்கு அழைத்தார்.

"என்னவே, பிழைக்கத் தெரியாத மனுசனா இருக்கேரு! இத்தன வருசத்துக்கு அப்புறம் காலேஜுக்கு ஒரு பேரு வந்துச்சு. அதையும் தபால்ல போட்டு அனுப்பிட்டேரே! உம்ம யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க."

"பொறவு?"

"கேட்டபிறகு சொன்னா அது வேறங்க ஐயா."

செயலருக்குக் கோபம் தலைக்கேறிற்று. "சரி. இனிமே நீரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம். வேற ஆளு பாத்துக்கிடுதேன். கோடுதான உமக்குப் பெருசு? கோட்டையே போட்டுக்கிட்டுக் கெடயும்!"

தண்டனையாகச் சொன்ன சொல் அது. குழைக்காதர் அதைக் கையேந்தி வாங்கிக்கொண்டார். விசிலை மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே வந்து கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டு, "கோட்டை என்கிட்டயே விட்டுட்டியே, அதுபோதும்" என்றார்.

முதல் வேலையாகப் புதிய இரும்பு நாடா வாங்கி, மூன்று நாள் வெயிலில் நின்று, தளம் முழுவதையும் மூன்று முறை அளந்தார். வளைவுக்கு வளைவு கல் நட்டார். அன்றுமுதல் அந்தக் கல் தவறிக் கோடு போனதில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? 'கயிறு சார்' என்று பெயராகிவிட்டது. வானம் லேசாக இருட்டினால் போதும், மாடி வகுப்பிலிருந்து குரல் வரும்: "சார், மழ வருது! கயித்த எடுத்து உள்ள வையுங்க, சுருங்கிரப் போவுது!" அவரும் அண்ணாந்து பார்த்து, "ஆமப்பா, வருதுதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கோட்டைத் தொடர்வார்.

ஒரு சனிக்கிழமை வெல்லம் தட்டியபடியே கோதையம்மாள் கேட்டார்: "பிள்ளைகள உங்ககிட்ட விடமாட்டேங்காங்க. பின்ன இது யாருக்கு?"

"சனிக்கிழமை வந்திருச்சுல்லா கோதை? நாம நிறுத்தலாம், அது நிக்காதே" என்றார். பானையை வேம்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். குடிக்கிறவர்கள் குடித்தார்கள். செண்பகவடிவு மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. வகுப்புக்கு வருவாள், போவாள். ஓடுவதை விட்டுவிட்டாள். அவரை உறுத்தியது அது ஒன்றுதான். ஊர் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. ஓடவேண்டிய கால் நின்றுவிட்டதை எண்ணும்போது மட்டும், கோடு போடும் கை சற்றே நிற்கும்.

இப்படி ஒரு வருஷமும் சில மாதங்களும் கழிந்தன. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குக் கருட சேவை. கல்லூரிக்கு விடுமுறை. விடுமுறை என்று நியமத்தை விடக்கூடியவரா குழைக்காதர்? பானகப் பானையை வேம்படியில் இறக்கிவிட்டு, வழக்கம்போலக் கோடு போட்டு முடித்தார். முழங்கைவரை சுண்ணாம்பு. கழுவிவிட்டு வடக்குத் தெருவில் போய்ப் பெருமாளைச் சேவிக்கலாம் என்று எழுந்தார்.

வடக்குத் தெருவிலோ சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் முதல்நாள் மழையில் சரிந்து கிடந்தது. கருட வாகனம் போக வழியில்லை. பெருமாள் வந்த வழியே திரும்பும் வழக்கம் கிடையாது. என்ன செய்வதென்று திகைத்தபோது, கோயில் அறங்காவலருமான சங்கரநயினார், "காலேஜ் மைதானத்துல மேக்கு வாசல்ல நொழைஞ்சு கெழக்கு வாசல்ல வெளிய வந்திரலாம்" என்றார். மேளமும் குடையும் கூட்டமுமாகப் பெருமாள் மைதானத்துக்குள் எழுந்தருளினார்.

அடியளந்தநல்லூரில் ஒரு வழக்கம். புறப்பாட்டின்போது எந்த வாசலில் புதுக்கோலம் இருக்கிறதோ, அங்கே பெருமாள் நிற்பார். கோலம் போட்டவர்கள் தம்மால் இயன்றதைச் சமர்ப்பித்து, தீர்த்தமும் சடாரியும் பெற்ற பிறகே வாகனம் நகரும். வாகனம் தூக்கும் சீர்பாதக்காரர்களுக்கு, தோளில் பாரம் ஏறிவிட்டால் பார்வை தரையைவிட்டு எழாது. வெள்ளையாய் ஏதேனும் கண்ணில் பட்டால் கால் தானே நின்றுவிடும்.

நின்றுவிட்டது. ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டருகே, வாகனத்தின் முன்கொம்பைத் தோளில் பிடித்த பெரியவர் "கோலம்!" என்று குரல் கொடுத்தார். தாங்குகட்டைகள் ஊன்றின. வாகனம் இறங்கி நின்றது.

கோயில் அர்ச்சகர் அரவிந்தலோசன பட்டர் சுற்றுமுற்றும் பார்த்து, "யார் போட்ட கோலம்? சீக்கிரம் வரச் சொல்லுங்கோ" என்றார்.

சங்கரநயினார் முன்னால் ஓடிவந்தார். "சாமி, அது கோலம் இல்ல. ஓட்டத்துக்குப் போடுத கோடு. வெறும் சுண்ணாம்பு. தூக்கச் சொல்லுங்க."

"கோடோ கோலமோ, பெருமாள் நின்னாச்சு ஓய். போட்டவர் வராம எழுந்தருளப் பண்ண முடியாது. யார் போட்டா?"

கூட்டத்தில் யாரோ, "கயிறு சார்!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. பட்டர் சிரிக்கவில்லை. சிரிப்பும் சட்டென்று அடங்கிப் போயிற்று.

"அப்ப என் தட்டை அவரு பேர்ல வச்சிருங்க. தேங்கா பழம் எல்லாம் இருக்கு" என்றார் செயலர்.

"உம்ம தட்டு உம்ம வாசல்ல. இங்க அவர் என்ன வச்சிருக்காரோ, அது."

செயலருக்கு வேறு வழி தெரியவில்லை. தாமே விளையாட்டு அறைப் பக்கம் நடந்தார். தூணோரம் கைகூப்பி நின்றிருந்த குழைக்காதரிடம், குரலைத் தாழ்த்தி, "வாரும்வே. உமக்காகத்தான் நிக்காரு" என்றார்.

குழைக்காதர் பின்னாலேயே வந்து பட்டர் முன் நின்றார். "கையெல்லாம் சுண்ணாம்பா இருக்கே சாமி" என்று தடுமாறினார்.

"அந்தக் கையாலதானே போட்டீர்? அதாலயே கொண்டுவாரும்" என்றார் பட்டர்.

கொண்டுவர என்ன இருந்தது? வேம்படியில் ஒருவர் வாயும் படாத பானகப் பானை இருந்தது. சுமந்துவந்து வைத்தார். அன்று கருடன்மேல் அமர்ந்த உலகளந்த பெருமாளுக்கு, ஓட்டக்காரர்களின் பானகம் நைவேத்தியமாயிற்று. பட்டர் சடாரி சாதித்து, பெருமாள் களைந்த பட்டையே எடுத்து அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். சுண்ணாம்புக் கையில் விழுந்த தீர்த்தத்தைக் குழைக்காதர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாகனம் மறுபடி தோளேறியது. "கோலத்தை மிதிக்கப்படாது. கோட்டை ஒட்டியே போவோம்" என்றார் முன்கொம்புப் பெரியவர். பரிவட்டத்தோடு குழைக்காதர் முன்னே நடக்க, வளைவு தவறாமல் வாகனம் பின்னே வந்தது. கிழக்கு வாசலுக்கு வந்தால் பூட்டு தொங்குகிறது! சாவிக்கு ஆள் ஓடினான். தோளேறிய கருடன் நடுவழியில் சும்மா நிற்கலாகாது என்று பெரியவர் நடையை நிறுத்தவே இல்லை. ஆகவே கோட்டைப் பிடித்தபடி பெருமாள் மேற்கு வளைவும் சுற்றி, தொடங்கிய கல்லுக்கே திரும்பவும் வந்து, ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகே சாவி வந்தது. நட்ட கற்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல், அந்த இருநூறு மீட்டரையும் அளந்தவன் அளந்து பார்த்துவிட்டான். முன்னே நடந்தவர் கண்ணிலிருந்து வழிந்த நீர், நெற்றித் திருமண்ணையும் கன்னத்துச் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கரைத்துவிட்டது.

பெருமாள் வெளியே எழுந்தருளிய பின் குழைக்காதர் வேம்படிக்குத் திரும்பினார். பானையருகே செண்பகவடிவு நின்றிருந்தாள். குவளையில் மொண்டு, ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"சார், திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"

"கோடு போட்டு முடிக்கையில வாம்மா" என்றார் அவர்.

திங்களன்று அவருடைய மேசையில் விசில் இருந்தது. வைத்தவர் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. செண்பகவடிவு மேல்படிப்பு முடியும்வரை ஓடினாள். அந்தப் பழைய சாதனையை அவள் கடைசிவரை முறியடிக்கவில்லை. நான்கு விநாடி பின்தங்கினாள். கல்லூரிப் பலகையில் அவள் நேரத்தைக் குழைக்காதர் தம் கையாலேயே எழுதினார். கீழே ஒரே வரி: 'தூரம் சரி.' அவள் தன் கல்யாணத்துக்கு முந்தினநாள் தாயாரை அழைத்துவந்து காட்டியது அந்தப் பலகையைத்தான்.

இன்றும் அடியளந்தநல்லூரில் கருட சேவையன்று பெருமாள் மைதானத்துக்குள் எழுந்தருளி, தொடக்கக் கோட்டருகே நின்று, பானகம் அமுது செய்து, கோட்டை ஒட்டி ஒரு சுற்று வந்தே போகிறார். வடக்குத் தெருப் பள்ளத்தை மூடி வெகுகாலமாயிற்று.

உலகம் அளந்தவன் திருவடிக்கு ஒரு சாணும் குறையாத வழி இட்டுவைத்த குழைக்காதரின் சுண்ணாம்புக் கைகள் வாழ்க.