செங்கோதையும் எழுத வராத இளவரசனும்

கதை கேட்க வந்தவர்களே, சற்று நெருங்கி உட்காருங்கள். ஆறுகள் இன்றைய வழியில் ஓடத் தொடங்குவதற்கும் முன்னால் நடந்தது இது.

மருதங்காடு என்றொரு நாடு. அங்கே அரசர் இறந்தால் அவர் நினைவாக ஒரு கல் நடுவார்கள். அன்றைக்கு அரசரின் பிள்ளை, தன் தந்தையைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதி, ஊரார் முன் படிக்க வேண்டும். பாட்டு இல்லையென்றால் கல் இல்லை. கல் இல்லையென்றால் முடி இல்லை.

அரசர் பெருவேள் இறந்தார். அவர் மகன் நெடுவேளன் வாள் வீசுவான், வழக்குத் தீர்ப்பான், வெள்ளம் வந்தால் முதலில் இறங்கிக் கரை அடைப்பான். ஆனால் எழுத்தாணியை எடுத்தால் அவன் கை மரத்துப்போகும். செதுக்கி முடித்த கல் ஆற்றங்கரையில் படுத்தே கிடந்தது. வெள்ளாடுகள் அதன்மேல் ஏறி நின்று ஊரை வேடிக்கை பார்த்தன.

"அறுவடைக்குள் பாட்டு வராவிட்டால் முடி உங்கள் சித்தப்பாவுக்கு" என்றார்கள் அவையினர். சித்தப்பா அதற்குள் பொற்கொல்லரை வரவழைத்துத் தலைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

நெடுவேளன் ஆசிரியர்களைத் தேடினான்.

முதலில் வந்தவர் நூற்கடலார். பாட்டின் இலக்கணம் முழுவதும் அவர் நாக்கு நுனியில் இருந்தது. இளவரசன் ஒரு வரி எழுதினான். "சீர் கெட்டது" என்றார். இன்னொரு வரி எழுதினான். "தளை தட்டுகிறது" என்றார். மூன்றாவது வரியை அவன் எழுதவே இல்லை.

"ஆசிரியரே, நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

"ஏணி மேலே ஏறாது, இளவரசே. பிறரை ஏற்றிவிடும்" என்றார் நூற்கடலார். இளவரசன் ஏறவில்லை. ஏணி வீட்டுக்குப் போனது.

அடுத்து வந்தவர் பாமணியார். அவர் பெரும் புலவர். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பாட்டு எழுதி நீட்டினார். அதில் பெருவேள் கதிரவனாகச் சுடர்ந்தார், கடலாக முழங்கினார், மலையாக நின்றார்.

"அழகாக இருக்கிறது" என்றான் நெடுவேளன். "ஆனால் இதில் என் அப்பாவைக் காணோமே?"

"அப்பா எதற்கு? கைதட்டல் வரும், பாருங்கள்" என்றார் பாமணியார். இளவரசன் ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மூன்றாவதாக வந்தவர் செங்கோதை. பாட்டும் எழுதுவார், பள்ளியும் நடத்துவார். வந்தவர் இரண்டு ஓலைகளை எடுத்தார். ஒன்றை அவன் முன் வைத்தார்; மற்றொன்றைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதற்கு ஓலை, அம்மா?"

"போன மழைக்காலத்தில் என் அக்கா இறந்துபோனாள். அவளைப் பற்றி ஒரு வரியும் எனக்கு இன்னும் வரவில்லை. வாருங்கள், சேர்ந்தே திண்டாடுவோம்" என்றார் செங்கோதை.

எழுதினார். நிறுத்தினார். பெருமூச்சு விட்டார். பிறகு படித்துக் காட்டினார்: "என் அக்கா ஒரு நிலவு."

நெடுவேளன் தயங்கினான். "சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இது யாருடைய அக்காவாக வேண்டுமானாலும் இருக்கலாம்."

"எனக்கும் அதுதான் உறுத்தியது" என்று அந்த வரியை அடித்தார் செங்கோதை.

இளவரசன் வியந்து பார்த்தான். "உங்களுக்குமா இப்படி?"

"ஒவ்வொரு முறையும் இப்படித்தான். வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் கதவு திறக்கும். உங்கள் வரி என்ன?"

அவன் வெட்கத்தோடு படித்தான்: "என் தந்தை அஞ்சாத சிங்கம்." படித்த உடனே தானே சிரித்துவிட்டான். "அப்பாவுக்கு யானை என்றால் பயம், அம்மா. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊர்வலத்தில் யானைமேல் போகும்போது போர்வைக்குள் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்."

செங்கோதை ஓலையை அவன் பக்கம் மெல்லத் தள்ளினார்.

அறுவடைக்கு முன்பே கல் நடும் நாள் வந்தது. ஊர் திரண்டது. சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். பாட்டைக் கேள்விப்பட்ட நூற்கடலார் ஓடி வந்தார். "அரசர் பயந்தார் என்றா பாடுவீர்கள்? முடி போய்விடும், இளவரசே."

நெடுவேளன் ஓலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். செங்கோதையைப் பார்த்தான். அவர் புரிந்துகொண்டு, எழுந்து நின்று, தம் பாட்டை முதலில் படித்தார்:

"என் தட்டின் மீன் துண்டை எடுத்துத் தின்பாள் அக்கா.
எத்தனை சண்டை அதற்கு.
இன்று துண்டு தட்டிலேயே ஆறுகிறது.
எடுக்க யாரும் இல்லை."

இத்தனை பெரிய ஆசிரியர் தம் துயரத்தை ஊர் நடுவே வைத்துவிட்டு நிற்பதை இளவரசன் பார்த்தான். அவனும் ஓலையை விரித்தான்.

"யானையைக் கண்டால் அப்பாவுக்கு நடுக்கம்.
படை பார்க்கிறதே என்று ஏறி அமர்வார்.
அவரைப் பார்த்து நாடு பயம் விட்டது.
அவர் பயத்தை அறிந்தது
என் கை ஒன்றுதான்."

கூட்டத்தின் பின்னாலிருந்து கிழட்டு யானைப்பாகன் ஒருவன் எழுந்தான்.

"உங்கள் கை மட்டும் இல்லை, ஐயா. 'மெல்லப் போப்பா, மெல்லப் போ' என்று அவர் கெஞ்சாத நாள் கிடையாது. பயந்துகொண்டே கடைசிப் போர் வரைக்கும் ஏறினாரே, எங்கள் ராசா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. ஆளுக்கொரு கை கொடுத்துக் கல்லை நிமிர்த்தினார்கள். அன்று மாலையே நெடுவேளன் முடி சூடினான்.

அவன் போட்ட முதல் ஆணை இது: எழுதக் கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் தாம் எழுதியதை மாணவர் முன் படிக்க வேண்டும்.

நூற்கடலார் வீட்டுக்குப் போய் ஓலையை எடுத்தார். நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதினார், அடித்தார். மறுநாள் பள்ளியில் அந்த அடித்த வரியையே படித்துக் காட்டினார். அவர் மாணவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தங்கள் ஓலைகளை மறைக்காமல் நீட்டினார்கள்.

தாமும் எழுதித் திண்டாடும் ஆசிரியரே, பிறரைத் துணிந்து எழுத வைப்பார்.