அனுபவசாலிக்கே பட்டம்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் வம்பு என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசருக்குப் பாயசத்தால் கோபம் வந்தது. புதிதாகச் சேர்ந்த சமையற்காரன் சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டுவிட்டான். ஒரு வாய் வைத்த அரசர் எழுந்து நின்று ஆணையிட்டார்: “ஐந்தாண்டு பழகாத எவரும் இனி இந்நாட்டில் எந்தப் பொறுப்பிலும் அமரக்கூடாது. யாராக இருந்தாலும் சரி!”

தலைமைக் கணக்கர் அனந்தப்பருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கணக்குச் சாலையில் காலியாக இருந்த இடத்தை அவர் தம் மைத்துனருக்கென்று வைத்திருந்தார். மைத்துனர் ஐந்தாண்டாக அங்கே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் பழக்கம்தானே!

அந்த இடத்தை நம்பித்தான் செங்கோடன் வந்தான். கலாசாலையில் கணக்குப் படித்துத் தேறியவன். ஊரார் வீட்டு நெல்லைக் குத்திக் குத்தி அவன் அம்மா படிக்கவைத்த படிப்பு அது.

“எங்கே வேலை பார்த்தாய்?” என்றார் அனந்தப்பர்.

“இனிமேல்தான் ஐயா.”

“பழகிவிட்டு வா.”

“வேலை கொடுத்தால்தானே ஐயா பழக முடியும்?”

“பழகியிருந்தால்தானே வேலை கொடுக்க முடியும்?”

கடைத்தெருவிலும் அதே பதில். மூட்டை தூக்கப் போனால், “படிச்ச புள்ளைக்கு இது எதுக்குப்பா?” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப அவனுக்குக் கால் வரவில்லை. வாசலில் அம்மா நிற்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. அரண்மனை மதிலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அந்த வழியாக வந்த விகடகவி மாசிலாமணி முழுக்கதையையும் கேட்டார். எதற்கும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை இளவரசருக்குப் பட்டம் கட்டறாங்க. சபையில வந்து நில்லுப்பா.”

“வந்தா வேலை கிடைக்குமாய்யா?”

“கிடைக்கலாம். இல்லேன்னா என் தலை போகலாம்.”

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பட்டம் கட்டிக்கொள்பவரை விகடகவிதான் கைப்பிடித்துச் சபைக்கு அழைத்து வரவேண்டும். அப்போதுதான் கண்ணேறு படாதாம். வெள்ளியன்று மேளம் முழங்க, மாசிலாமணியும் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். வந்தவர் இளவரசர் அல்லர். போரில் தோற்றுச் சிறையில் கிடந்த அண்டை நாட்டு அரசர், நரைத்த தாடியும் கால் விலங்குமாக நடந்து வந்தார்.

மேளம் நின்றது. அரசரின் கை உடைவாளுக்குப் போனது. தன்னால் ஒரு நல்ல மனிதர் சாகப்போகிறார் என்று செங்கோடன் பயந்தான்.

“என்ன துணிச்சல் இது!” என்றார் அரசர்.

“தங்கள் ஆணையைக் காட்டித்தான் இவரைச் சிறையிலிருந்து அழைத்து வந்தேன், அரசே. ஐந்தாண்டு பழகாதவர் எந்தப் பொறுப்பிலும் அமரக்கூடாது என்றீர்கள். இளவரசர் ஒரு நாளும் நாடாண்டதில்லை. தங்களைத் தவிர நாடாண்டு பழகியவர் இங்கே இவர் ஒருவர்தான்.”

“அமர்ந்தால் என் மகன் பழகிக்கொள்வான்!”

“அதையேதான் அரசே, அதோ நிற்கும் அந்தப் பிள்ளையும் தலைமைக் கணக்கரிடம் சொன்னான்.”

சபை முழுவதும் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தது. அனந்தப்பர் மட்டும் தரையைப் பார்த்தார். சிறைப்பட்ட அரசர் மெல்லப் பேசினார். “நான் அரியணை ஏறிய முதல் நாள் தவறான தீர்ப்புச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பிறர் சொல்வதைக் கேட்கப் பழகினேன்.”

அரசர் சபை வாசலில் இன்னும் காத்து நின்ற தம் மகனைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். வாளிலிருந்து கை இறங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பாயசத்தில் விழுந்த உப்பு நாட்டிலேயே விழுந்துவிட்டதே! ஆணை ரத்து. அனந்தப்பரே, இவனுக்கு இன்றே இடம் கொடும். விகடகவியே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்.”

“பட்டத்துக்கென்று அழைத்து வந்தவரை வெறுங்கையோடு சிறைக்கு அனுப்ப மனம் வரவில்லை, அரசே. விலங்கைக் கழற்றி அவரை ஊருக்கு அனுப்புங்கள்.”

அரசர் சிறைப்பட்டவரின் கால் விலங்கைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார்.

கழற்றிய விலங்கு கணக்குச் சாலைக்கு வந்தது. அரண்மனைப் பொருள் எதுவும் கணக்கில் ஏறாமல் இருக்கக்கூடாது. முகத்தைச் சுளித்தபடி அனந்தப்பர் புதுச் சுவடியைத் தள்ளிவிட்டார். செங்கோடன் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டான். தன் முதல் கணக்கை எழுதினான்.

வரவு: இரும்பு விலங்கு ஒன்று.