சருகுமானும் மலிவுக் கூடையும்

கருங்காட்டில் தும்பை என்றொரு சருகுமான் இருந்தது. உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரியது. சந்தேகத்தில் யானையைவிடப் பெரியது! ஒரு காய்ந்த இலை விழுந்தாலும், "தானாக விழுந்ததா, யாராவது தள்ளிவிட்டார்களா?" என்று நின்று யோசிக்கும். அப்படி யோசித்ததால்தான் அந்தக் காட்டில் அது இத்தனை நாள் உயிரோடு இருந்தது.

ஒரு நாள் காலையில் மைனா ஒன்று பறந்து வந்தது.

"தும்பை அக்கா! ஆனைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே உன் தங்கை மகிழம், அவளுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம், பக்கத்தில் யாருமில்லை. நாலைந்து நாளுக்குள் அக்கா வந்துவிட வேண்டும் என்று அழுகிறாள்!"

ஆனைப்பள்ளம் காட்டை இரண்டாகப் பிளந்து கிடக்கும் பெரிய பள்ளத்தாக்கு. இறங்கி நடந்தால் எட்டு நாள் ஆகும். வழியில் இரண்டு சிறுத்தைகள் வேறு. பறவைகளின் கூடையில் ஏறிப் போனாலோ கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை!

கூடையில் ஏற்றிச் செல்லும் கூட்டங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, இருவாச்சிகளின் கூட்டம். அலகின்மேல் மஞ்சள் மகுடம் வைத்த பெரிய பறவைகள். அவை இறக்கையடித்தால் காடே திரும்பிப் பார்க்கும். கூடையில் இலவம்பஞ்சு மெத்தை. வழியில் கொறிக்க அத்திப்பழம். கூலியும் அதற்கேற்ற கூலி: குட்டிபோட்ட பன்றிகூட ஒரு வாரம் தின்னும் அளவுக்குப் பழம்!

இன்னொன்று, நத்தைகுத்தி நாரைகளின் கூட்டம். புதிதாக வந்தது. சாம்பல் பூசியது போன்ற உடம்பு, சேற்றுக் கால்கள். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். மெத்தை கிடையாது, பழம் கிடையாது. வெறும் மூங்கில் கூடை. கூலி ஐந்தே ஐந்து நத்தை!

"ஐந்து நத்தையா?" தும்பையின் காதுகள் விறைத்தன. "இவ்வளவு மலிவாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் எதையோ மிச்சம் பிடிக்கிறார்கள். எதை மிச்சம் பிடிக்கிறார்கள்?"

முதலில் அது செம்போத்திடம் போய்க் கேட்டது.

"ஐயையோ, போகாதே!" என்றது செம்போத்து. "வாயையே ஒழுங்காக மூடத் தெரியாதவர்கள் உன்னை எப்படிப் பிடித்துக்கொள்வார்கள்? பாதி வழியில் போட்டுவிடுவார்கள்!"

"யாரையாவது போட்டதை நீ பார்த்தாயா?"

"பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதே!"

அடுத்து மலையணிலிடம் போனது.

"நான் மூன்று தடவை போய்வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தைரியமாக ஏறு!" என்றது அணில்.

"கயிறு எப்படி இருந்தது?"

"கயிறா? அதையெல்லாம் யார் பார்த்தது? நான்தான் ஏறினதும் தூங்கிவிட்டேனே!"

தும்பை பெருமூச்சு விட்டது. ஒருத்தி எதையும் பார்த்ததே இல்லை. இன்னொருவன் ஏறித் தூங்கியவன். இவர்கள் பேச்சை நம்பி உயிரை எப்படிக் கொடுப்பது?

பள்ளத்தின் விளிம்பில், நாரைகள் இறங்கும் பாறைக்குப் பக்கத்தில் ஒரு புதர் இருந்தது. தும்பை அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டது. இரண்டு பகல் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்தது.

முதல் நாள் பார்த்தது எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. நாரைகள் வந்த வேகத்தில் திரும்பின. "நெருங்கி உட்காருங்கள்! காலை மடக்குங்கள்!" என்று எல்லோரையும் அதட்டின. உபசாரம் என்று ஒரு சொல் இல்லை. "நினைத்தேன்!" என்று முனகியது தும்பை.

இரண்டாம் நாள் வேறொன்றைப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் கூடை கிளம்பும் முன்னால், நரையன் என்ற தலைமை நாரை நான்கு கயிறுகளையும் இழுத்து இழுத்துப் பார்த்தது. பார்வைக்குப் புதிது போலிருந்த ஒரு கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பள்ளத்தில் எறிந்தது. வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும்போதே, இறகு முறிந்த ஒரு நாரையைப் பார்த்து, "நீ இன்று போதும், போய்ப் படு!" என்றது.

தும்பை புதரைவிட்டு வெளியே வந்தது.

"நாரையாரே, கூலியை ஏன் இவ்வளவு குறைத்து வாங்குகிறீர்கள்?"

"மெத்தை இல்லை, பழம் இல்லை. ஒரு நாளில் பத்து நடை போகிறோம். அதனால் கட்டுப்படியாகிறது."

"மூடாத அலகால் கயிற்றை எப்படிக் கவ்வுவீர்கள்?"

"அலகால் யாரம்மா கவ்வினார்கள்? காலில் கட்டிக்கொள்கிறோம். வந்து முடிச்சைப் பார்!"

தும்பை முடிச்சைப் பார்த்தது. பல்லால் கடித்தும் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டது.

"இதுவரை யாரையாவது கீழே போட்டிருக்கிறீர்களா?"

நரையன் காலால் கூடையின் விளிம்பைத் தொட்டது.

"போட்டிருக்கிறோம்" என்றது. "ஒரு காட்டுக்கோழியை. கூடையின் விளிம்பில் உரசி உரசிக் கயிறு தேய்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அவள் இறக்கை முறிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விளிம்புக்கு மரப்பட்டை சுற்றினோம். பன்னிரண்டு நடைக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும் கயிற்றை மாற்றிவிடுகிறோம்."

தும்பைக்குச் சந்தேகம் தீரவில்லை. 'ஒன்றைச் சொல்லி ஒன்பதை மறைக்கிறானோ?' நேராக அந்தக் காட்டுக்கோழியைத் தேடிப் போனது.

"ஆமாம், போட்டார்கள். இந்த இறக்கை இன்னும் நேராகவில்லை!" என்று காட்டுக்கோழி கோபமாகச் சொன்னது. பிறகு குரலைத் தணித்தது. "ஆனால் அந்த நாரை பத்து நாள் தொழிலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கயிறாகச் சோதித்தது. என் கண்ணால் பார்த்தேன். வேறு யாரும் விழவில்லை. விழுந்திருந்தால் முதலில் என்னிடம்தானே வந்து புலம்பியிருப்பார்கள்? இப்போது நானே ஏறுவேன், கயிற்றைப் பார்த்துவிட்டு!"

திரும்பும் வழியில் தும்பை இருவாச்சிகளிடமும் அதே கேள்வியைக் கேட்டது.

"யாரையாவது கீழே போட்டிருக்கிறீர்களா?"

"எங்களையா கேட்கிறாய்?" தலைமை இருவாச்சி சிரித்தது. "இந்த மகுடத்தைப் பார்த்துமா கேட்கிறாய்?"

"மகுடத்தைப் பார்த்தேன். கயிற்றைப் பார்க்கலாமா?"

"கயிறு மெத்தைக்கு அடியில் ஓடுகிறது. அதையெல்லாம் பயணிகள் தொடக்கூடாது!"

மறுநாள் காலையில் தும்பை ஐந்து நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டு பாறைக்கு வந்தது. ஒரு முள்ளம்பன்றியும் ஓர் உடும்பும் முன்பே காத்திருந்தன. பள்ளத்திலிருந்து காற்று சீறிக்கொண்டு மேலே வந்தது. நரையன் ஓர் இறகைக் காற்றில் விட்டுப் பார்த்தது. இறகு சுழன்று பாறையில் போய் அறைந்தது.

"இன்று பறக்க மாட்டோம்!" என்றது நரையன்.

"மலிவு என்றால் இப்படித்தான்!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது.

"ஐயா, என் தங்கை தனியாகக் கிடக்கிறாள்!" தும்பை கெஞ்சியது. "இன்று போகாவிட்டால் பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன்!"

"தெரிகிறது, அம்மா. அதற்காக உன்னைப் பாறையில் மோதவிட முடியாது." நரையன் எல்லோருடைய நத்தைகளையும் திருப்பிக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து இருவாச்சிகள் வந்து இறங்கின.

"சின்னக் காற்றுக்கே பயந்துவிட்டார்களா? நாங்கள் பறப்போம், வாருங்கள்! கூலியை அக்கரையில் பறித்துக் கொடுத்தால் போதும்!"

உடும்பு ஏறியது. கூடை ஆடி ஆடிப் போய் அக்கரை சேர்ந்தது. "ஒன்றும் ஆகவில்லை! வாருங்கள், வாருங்கள்!" என்று உடும்பு அங்கிருந்து கத்தியது. இருவாச்சிகள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தன.

தும்பையின் கால்கள் தாமாகவே இரண்டடி முன்னால் போயின. தங்கையின் முகம் கண்முன் நின்றது. இந்த நாரை வீணாகப் பயங்காட்டுகிறதோ? போக மனமில்லாமல் சாக்குச் சொல்கிறதோ? ஆனால் சாக்குச் சொல்பவன் வாங்கிய கூலியை ஏன் திருப்பிக் கொடுக்கிறான்?

"கயிற்றைப் பார்க்கலாமா?" என்று தும்பை மறுபடி கேட்டது.

"ஏறுகிறாயா, இல்லையா?" என்று இருவாச்சி சீறியது.

தும்பை அந்த இரண்டடியையும் பின்னால் வைத்தது.

"பயந்தாங்கொள்ளி!" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி மெத்தையில் ஏறிச் சாய்ந்துகொண்டது.

கூடை நடுப்பள்ளத்தை எட்டியது. திடீரென்று காற்று கீழிருந்து தூக்கியடித்தது. கூடை ஊஞ்சலாடிப் பாறையில் மோதியது. மெத்தைக்கு அடியில் யாரும் பார்க்காமலே நைந்து கிடந்த கயிறு பட்டென்று அறுந்தது. "ஐயோ!" என்ற அலறல் பள்ளம் முழுவதும் எதிரொலித்தது.

நல்லவேளை, பாறைச் சரிவில் ஓர் ஆலமரம் நீட்டிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி அதன் கிளைகளில் சிக்கித் தொங்கியது. உயிர் பிழைத்தது, முன்னங்கால்கள் இரண்டும் முறிந்தன. இருவாச்சிகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டன. பிற்பகலில் காற்று தணிந்த பிறகு நாரைகள்தான் இறங்கி அதை மெல்லத் தூக்கி வந்தன. தும்பை இரவெல்லாம் அதற்குத் துணையாக இருந்தது.

விடிந்ததும் காற்று அடங்கியிருந்தது. நரையன் நான்கு கயிறுகளையும் இழுத்துப் பார்த்தது. அது முடித்ததும் தும்பை தானும் நான்கையும் இழுத்துப் பார்த்தது.

"இன்னும் நம்பிக்கை வரவில்லையா?" என்றது நரையன்.

"வந்திருக்கிறது. அதனால்தான் ஏறுகிறேன். பார்ப்பதை விடவில்லை!"

மூங்கில் தொடையில் குத்தியது. குளிர் முகத்தில் அடித்தது. கீழே ஆறு ஒரு புழுவைப் போல நெளிந்தது. தும்பை கண்களை மூடவே இல்லை. அக்கரைப் பாறை கால்களுக்கடியில் வரும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

மகிழம் ஒரு புங்கமரத்தடியில் சோர்ந்து படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி ஈரம் காயாத ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

"நேற்றே வந்திருக்கக் கூடாதா அக்கா? எவ்வளவு பயந்துபோனேன் தெரியுமா?" என்று அழுதது மகிழம்.

"நேற்று கிளம்பியிருந்தால் இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன், அம்மா!" என்றது தும்பை. குனிந்து தங்கையின் நெற்றியை நக்கிக் கொடுத்தது. பிறகு குட்டிக்குப் பால் சரியாக வருகிறதா என்று சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது.

உயிரை ஒருவர் கையில் கொடுக்கும் முன், அவர் கேட்கும் கூலியையும் அவருடைய மிடுக்கையும் பார்க்காமல், தன் தவறை மறைக்காமல் சொல்பவரா, ஆபத்து வந்தால் 'இன்று வேண்டாம்' என்று நிறுத்தத் தெரிந்தவரா என்பதைக் கேட்டும் பார்த்தும் அறிந்துகொள்ள வேண்டும்.